பிறசர் குளிசை சதையியை அடைக்குமா?

திருகோணமலையில் மாதாமாதம் கிளினிக்குக்குப் போய் வருகிற பலருடைய கொப்பியில் அம்லோடிபின் 5 மில்லிகிராம் அல்லது நிபெடிபின் 20 மில்லிகிராம் என்று எழுதியிருக்கும். வீட்டுப் பேச்சில் அது பிறசர் குளிசை. மருந்தியலில் அதன் குடும்பப் பெயர் கல்சியம் கால்வாய் அடைப்பான். வெரபமில், டில்தியசெம் ஆகியவையும் இதே குடும்பம்தான்.

பெயரைக் கேட்டதும் ஒரு கேள்வி எழுவது இயல்பு. சாப்பாட்டைச் செமிக்கச் செய்யும் சாற்றைச் சதையி சுரப்பதும் கல்சியத்தின் கட்டளையால்தான் என்று உயர்தர உயிரியல் படிக்கிற பிள்ளைகூடச் சொல்லும். அப்படியானால் கல்சியத்தை அடைக்கும் குளிசையைத் தினமும் விழுங்கினால் சமிபாடு குறையாதா? வயிறு ஊதுவதற்கும் மலம் இறுகுவதற்கும் அதுதானா காரணம்?

வழக்கமான அளவில் எடுக்கும்போது சதையிச் சாறு கவனிக்கத்தக்க அளவுக்குக் குறைவதில்லை. ஆனால் "குறையாது" என்ற ஒரு சொல்லோடு விட்டுவிட முடியாது. கல்சியம் என்ற ஒரே பொருள் உடம்பில் எத்தனை வேறுவேறு வாசல்களால் போய் வருகிறது என்பது தெரிந்தால்தான் அந்தப் பதிலின் பொருள் புரியும். தெரிந்தபின், மலம் ஏன் இறுகுகிறது, குளிசை மிஞ்சினால் ஏன் சீனி ஏறுகிறது என்பவற்றுக்கும் அதே இடத்திலேயே விடை கிடைக்கும்.

சாறு எப்படி வருகிறது

சதையி இரைப்பைக்குப் பின்னால் குறுக்காகக் கிடக்கும் உறுப்பு. ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் நீளம், 100 கிராம் வரை நிறை. தமிழ்நாட்டு நூல்களில் இதைக் கணையம் என்பார்கள். இந்தச் சிறிய உறுப்பு ஒரு நாளில் 1 முதல் 1.5 லீற்றர் சாற்றைச் சுரக்கிறது. அதாவது தன் நிறையைப் போல் பத்து மடங்குக்கு மேல்.

மத்தியானம் சோறும் பாரைக் குழம்பும் கிண்ணியாப் பக்கத்து எருமைத் தயிரும் சாப்பிட்டதாக வைத்துக்கொள்வோம். சோற்றின் மாப்பொருளை உடைக்க அமிலேசு, மீனின் புரதத்தை உடைக்கத் திரிப்சினும் கைமோதிரிப்சினும், தயிரின் கொழுப்பை உடைக்க இலிப்பேசு. இந்த நொதியங்களை ஆக்குபவை குலைகுலையாக அடுக்கப்பட்ட குலைக்கலங்கள். திராட்சைக் குலை போன்ற அமைப்பு. ஒவ்வொரு குலையின் நடுவிலும் ஒரு சிறு வெளி, அந்த வெளியிலிருந்து ஒரு மெல்லிய கான். நொதியங்கள் ஆக்கப்பட்ட உடனே வெளியே போவதில்லை. கலத்தின் உச்சிப் பக்கத்தில், நடுவெளியை ஒட்டி, சிறு சிறு மணிகளாகப் பொதியப்பட்டுக் காத்திருக்கும். கட்டளை வந்ததும் மணியின் மென்சவ்வு கலத்தின் மென்சவ்வோடு ஒட்டித் திறந்து, உள்ளிருப்பதைக் கானுக்குள் கொட்டும்.

கட்டளை இரண்டு வழியாக வருகிறது. ஒன்று வேகசு நரம்பு: வாசனை பட்டதும், வாயில் உணவு வைத்ததும், நரம்பின் முனையிலிருந்து அசற்றைல்கோலின் சுரக்கும். மற்றது முன்சிறுகுடல்: அங்கே கொழுப்பும் புரதமும் வந்து சேர்ந்ததும் அதன் சுவரிலுள்ள தனிக்கலங்கள் கோலிசிஸ்ரோகைனின் என்ற ஓமோனைக் குருதியில் விடும். பெயர் நீளம்; இனிக் "கோலி" என்றே குறிப்பிடுகிறோம்.

கான்களின் சுவரிலுள்ள கலங்கள் வேறு வேலை செய்கின்றன. இரைப்பையிலிருந்து வரும் அமிலத்தைச் சமப்படுத்த இருகாபனேற்று நிறைந்த நீரை அவை சுரக்கின்றன. அவற்றுக்குக் கட்டளை கொடுப்பது செக்ரெற்றின் என்ற ஓமோன். 1902 இல் இலண்டனில் பெய்லிஸ், ஸ்ராலிங் என்ற இருவர் கண்டுபிடித்தது இது. ஓமோன் என்று உலகம் முதன்முதலில் அறிந்ததும் இதைத்தான். செக்ரெற்றினின் வழி பெரும்பாலும் கல்சியத்தை நம்பியதல்ல, சைக்கிளிக் ஏ.எம்.பி. என்ற வேறொரு தூதனை அது பயன்படுத்துகிறது. ஆகவே சாற்றின் நீர்ப்பகுதியில் பெரும்பங்கு நமது கேள்விக்குள் வருவதே இல்லை. கேள்வி நொதியத்தைப் பற்றியது.

வீதிக்குழாயும் மேல்தாங்கியும்

உடம்பிலுள்ள எந்தக் கலமும் தன் உள்நீரில் கல்சிய அயனை மிக மிகக் குறைவாகவே வைத்திருக்கும். வெளியே உள்ள செறிவு உள்ளே இருப்பதைப் போல் ஏறத்தாழ 10,000 மடங்கு. உள்ளே அவ்வளவு குறைவாக இருப்பதால்தான், கொஞ்சம் கூடினாலே கலம் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்கிறது. தசைக்கலம் என்றால் சுருங்கும், சுரக்கும் கலம் என்றால் மணிகளைத் திறக்கும்.

கல்சியம் எங்கிருந்து உள்நீருக்கு வருகிறது என்பதில்தான் எல்லா வித்தியாசமும். திருகோணமலை வீடுகளில் இரண்டு விதமாகத் தண்ணீர் எடுப்பார்கள். சில வீடுகளில் குழாய் நேரே வீதிக் குழாயோடு பொருத்தியிருக்கும். வீதியில் அடைத்தால் வீட்டில் உடனே நிற்கும். வேறு வீடுகளில் கூரைமேல் ஒரு கறுப்புத் தாங்கி இருக்கும். வீதியில் தண்ணீர் நின்றாலும் தாங்கி காலியாகும்வரை குளியலறையில் தண்ணீர் வரும்.

குருதிக் குழாய்ச் சுவரின் மழமழப்பான தசைக்கலங்கள் முதல் வகை வீடு. அவை பெரிதும் வெளியே இருந்து வரும் கல்சியத்தையே நம்பியிருக்கின்றன. வரும் வாசல் எல் வகைக் கல்சியம் கால்வாய். அந்த வாசலுக்குச் சாவி மின்னழுத்தம்: கலச்சவ்வின் மின்னழுத்தம் மாறினால் திறக்கும், இல்லாவிட்டால் மூடியிருக்கும். அம்லோடிபினும் நிபெடிபினும் போய் அடைப்பது இந்த வாசலைத்தான். அடைத்ததும் தசை தளர்கிறது, குழாய் விரிகிறது, பிறசர் இறங்குகிறது. இதயத்தசையிலும் இதே வாசல் உண்டு. வெரபமிலும் டில்தியசெமும் இதயத்தில் கூடுதலாக வேலை செய்து துடிப்பையும் குறைக்கின்றன.

இதயம் வெளிக் கல்சியத்தை நம்பி நிற்கிறது என்பது தெரியவந்ததும் ஒரு குழாய்த் தண்ணீரால்தான். 1880களின் தொடக்கத்தில் இலண்டனில் சிட்னி றிங்கர் தவளையின் இதயத்தை உப்புக் கரைசலில் வைத்துத் துடிக்கவிட்டுப் பார்த்தார். வடித்த நீரில் கரைசல் செய்தால் துடிப்பு நின்றுபோனது. குழாய்த் தண்ணீரில் செய்தால் தொடர்ந்தது. குழாய்த் தண்ணீரில் இருந்த கல்சியமே காரணம் என்று 1883 இல் எழுதினார். அதிலிருந்து எண்பது ஆண்டுகள் கழித்து, 1960களில், ஜேர்மனியின் பிரைபேர்க் நகரில் அல்பிரெக்ட் பிளெக்கன்ஸ்ரைன் வெரபமில் போன்ற மருந்துகள் இதயத்தில் கல்சியத்தின் வேலையைத்தான் தடுக்கின்றன என்று காட்டினார். இந்த மருந்துக் குடும்பத்துக்குப் பெயர் வந்தது அங்கிருந்துதான்.

சதையியின் குலைக்கலம் இரண்டாவது வகை வீடு. அதற்குள் ஒரு மேல்தாங்கி இருக்கிறது: அகமுதலுருச் சிறுவலை என்ற உள்வலை. அது கல்சியத்தை ஏற்றி நிறைத்து வைத்திருக்கிறது. அசற்றைல்கோலினோ கோலியோ கலத்தின் வெளியில் கட்டளையை ஏற்கும் புரதமான வாங்கியில் வந்து ஒட்டியதும், கலத்தின் உள்ளே ஐ.பி.3 என்ற சிறு மூலக்கூறு உண்டாகிறது. அது உள்வலைக்குப் போய் அங்குள்ள தன் வாசலைத் திறக்கிறது. தாங்கியிலிருந்து கல்சியம் உள்நீரில் கொட்டுகிறது, மணிகள் திறக்கின்றன, நொதியம் கானுக்குள் போகிறது. இதில் மின்னழுத்தச் சாவிக்கு வேலையே இல்லை.

ஐ.பி.3 உள்வலையிலிருந்து கல்சியத்தை விடுவிக்கிறது என்பது உலகில் முதன்முதலில் காட்டப்பட்டது 1983 இல். காட்டப்பட்ட கலம் எலியின் சதையிக் குலைக்கலம். உடம்பெங்கும் நடக்கும் ஒரு பெரிய செயன்முறையை நமக்குக் கற்றுத்தந்த உறுப்பு சதையிதான். மருத்துவ மாணவர்கள் இதை வெறும் "இன்சுலின் உறுப்பு" என்று கடந்துபோவது வருத்தத்துக்குரியது.

இனித் தாங்கி நிரம்பும் விதம். தாங்கிக்குள் ஒரு மிதவைப் பந்து இருக்கும். தண்ணீர் இறங்கினால் பந்து இறங்கி, வரும் குழாயைத் திறந்துவிடும். குலைக்கலத்தில் அந்தப் பந்தின் வேலையைச் செய்வது ஸ்ரிம்1 என்ற புரதம். உள்வலையில் கல்சியம் குறைந்ததை உணர்ந்து அது நகர்ந்து, கலத்தின் வெளிச்சவ்விலுள்ள ஓறாய்1 என்ற வாசலைத் திறக்கிறது. ஸ்ரிம்1 இன் இந்த வேலை 2005 இலும் ஓறாய் 2006 இலும் அறியப்பட்டன. ஓறாய் என்பது கிரேக்கப் புராணத்தில் வானுலக வாசலைக் காப்பவர்களின் பெயர். கோணேசர் கோயில் வாசலில் துவாரபாலகர் நிற்பதை நினைத்துக்கொண்டால் மறக்காது. ஓறாய் வழியாக வரும் கல்சியத்தை ஒரு பம்பு உள்வலைக்குள் ஏற்றி நிரப்புகிறது.

ஓறாயும் கல்சியம் கால்வாய்தான். ஆனால் எல் வகை அல்ல. அமைப்பும் வேறு, சாவியும் வேறு. அம்லோடிபின் எல் வகையின் பூட்டுக்குச் செய்யப்பட்டது. "கல்சியம் கால்வாய் அடைப்பான்" என்ற பெயர் எல்லாக் கால்வாய்களையும் குறிப்பதுபோல் ஒலிப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. "எல் வகை வாசல் அடைப்பான்" என்று பெயர் வைத்திருந்தால் இந்தக் கேள்வியே பாதி தீர்ந்திருக்கும்.

இதை எப்படிச் சோதித்தார்கள்

சொல்லிவிட்டால் போதாது. மூன்று சோதனைகளைப் பார்த்தால் உறுதிப்படும்.

முதலாவது, வெளியிலுள்ள கல்சியத்தை முற்றாக நீக்கிப் பார்ப்பது. தனிப்படுத்திய குலைக்கலங்களைக் கல்சியமில்லாத கரைசலில் வைத்துக் கோலியைச் சேர்த்தால், முதல் சில நிமிடங்களுக்குச் சுரப்பு வழக்கம்போல் வரும். பிறகு தேய்ந்துபோகும். தாங்கியில் இருந்தது தீர்ந்தது, நிரப்ப வெளியே ஒன்றும் இல்லை. தொடக்கத்துக்கு உள்தாங்கியும் தொடர்வதற்கு வெளி நிரப்பலும் வேண்டும் என்பது இதிலிருந்து தெளிவு.

இரண்டாவது எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு சோதனை எப்படித் தவறாகப் படிக்கப்படலாம் என்பதையும் சேர்த்துக் கற்றுத்தருகிறது. சதையித் துண்டு இருக்கும் கரைசலில் பொற்றாசியத்தின் செறிவைக் கூட்டினால் கலச்சவ்வுகளின் மின்னழுத்தம் மாறும். மின்னழுத்தச் சாவி உள்ள வாசல்கள் திறக்கும். செய்து பார்த்தபோது நொதியம் சுரந்தது. உடனே, "பார், குலைக்கலத்திலும் மின்னழுத்த வாசல் இருக்கிறது" என்று சொல்லத் தோன்றும். ஆனால் அதே கரைசலில் அற்றோப்பீனைச் சேர்த்ததும் சுரப்பு அடங்கிவிட்டது. அற்றோப்பீன் அசற்றைல்கோலினின் வாங்கியை மறிக்கும் மருந்து. அதாவது பொற்றாசியம் தூண்டியது துண்டுக்குள் எஞ்சியிருந்த நரம்பு முனைகளை. அவை விட்ட அசற்றைல்கோலின்தான் குலைக்கலத்தைச் சுரக்கச் செய்தது. நரம்பை நீக்கித் தனிப்படுத்திய குலைகளில் பொற்றாசியம் அப்படி எதையும் செய்வதில்லை.

மூன்றாவது, மருந்தையே நேரே சேர்ப்பது. இங்கேதான் வாசிப்பவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுகிறார்கள். கண்ணாடித் தட்டில் வெரபமிலைச் சேர்த்தபோது சதையிச் சுரப்புக் குறைந்தது என்று ஒரு வரி கண்ணில் படும். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் எவ்வளவு சேர்த்தார்கள் என்று பார்க்க வேண்டும். பல பத்து மைக்கிரோமோலார் (கரைசலின் செறிவை அளக்கும் அலகு) என்றால், அது குளிசை எடுக்கும் ஒருவரின் குருதியில் கட்டற்று இருக்கும் மருந்தைப் போல் பலநூறு மடங்கு. அந்த அளவில் வெரபமில் தன் வாசலோடு நிற்காமல் அசற்றைல்கோலினின் வாங்கியிலும் போய் ஒட்டுகிறது. அப்போது சுரப்புக் குறைவதற்குக் கல்சிய வாசல் காரணமாக இருக்கத் தேவையில்லை. அம்லோடிபின் எடுப்பவரின் குருதியில் ஒரு மில்லிலீற்றருக்குச் சில நனோகிராம் முதல் பத்துப் பதினைந்து நனோகிராம் வரைதான் மருந்து இருக்கும். அதிலும் 90 சதவீதத்துக்கு மேல் புரதங்களோடு ஒட்டிக்கிடக்கும்.

சுற்றுவழியாக ஏதும் நடக்குமா என்று கேட்கலாம், நல்ல கேள்வி. கோலியைச் சுரக்கும் குடற்கலங்களில் எல் வகை வாசல் இருக்கிறது, ஆய்வுகூடக் கலங்களில் அதை அடைத்தால் கோலி குறைகிறது. ஆகவே கட்டளை கொடுக்கும் இடத்தில் ஒரு சிறு தாக்கம் கொள்கையளவில் இருக்க முடியும். ஆனால் இன்னொரு கட்டளையாளரான வேகசு நரம்பின் முனைகள் அசற்றைல்கோலினை விடுவதற்குப் பெரிதும் வேறு வகைக் கால்வாய்களைப் பயன்படுத்துகின்றன. பிறசர் குளிசை அவற்றைத் தொடுவதில்லை. அத்தோடு சதையி தேவைக்கு மிக அதிகமாகவே நொதியம் சுரக்கிறது. இலிப்பேசு இயல்பான அளவில் 10 சதவீதத்துக்கும் கீழே இறங்கினால்தான் கொழுப்புச் செமிக்காமல் மலத்தில் போகத் தொடங்கும். சிறு குறைவொன்று நடந்தாலும் சாப்பிடுபவருக்குத் தெரியவராது.

சாற்றை உண்மையில் அடக்கும் மருந்துகள் வேறு இருக்கின்றன. ஒக்ரியோரைட்டு என்ற ஊசிமருந்து சதையிச் சுரப்பைக் குறைக்கும். அற்றோப்பீனும் நரம்பு வழிக் கட்டளையை மறிக்கும். உடல் மெலிய எடுக்கும் ஓர்லிஸ்ராற் சுரந்து வந்த இலிப்பேசையே குடலில் முடக்கும்.

ஒரே முற்றம், வேறு வேறு கிணறு

கன்னியா வெந்நீரூற்றுக்குப் போனவர்களுக்குத் தெரியும்: ஏழு கிணறும் ஒரே முற்றத்தில் கையெட்டும் தூரத்தில் இருக்கும், ஆனால் ஒன்றின் சூடு மற்றதில் இராது. சதையியும் அப்படித்தான். குலைக்கலங்களுக்கு நடுவே சிறு தீவுகளாக, உறுப்பின் நிறையில் 1 முதல் 2 சதவீதமே இருக்கும் இன்சுலின் கலங்கள் சாற்றுக் கலங்களுக்கு நேர்மாறானவை. குருதியில் சீனி கூடினால் அவற்றின் பொற்றாசிய வாசல் மூடும், சவ்வின் மின்னழுத்தம் மாறும், எல் வகைக் கல்சிய வாசல் திறக்கும், கல்சியம் வெளியிலிருந்து உள்ளே பாயும், இன்சுலின் வெளியே வரும். கிளிக்கிளசைட்டு போன்ற சீனிக் குளிசைகள் வேலை செய்வதும் அந்தப் பொற்றாசிய வாசலை மூடித்தான்.

அப்படியென்றால் பிறசர் குளிசை இன்சுலினைக் குறைக்காதா? வழக்கமான அளவில் குருதிச் சீனியில் பொருட்படுத்தத்தக்க மாற்றம் வருவதில்லை. நீரிழிவுள்ளவர்களுக்கும் அம்லோடிபின் தாராளமாகக் கொடுக்கப்படுகிறது. ஆனால் தவறுதலாகவோ வேண்டுமென்றோ ஒரேயடியாகப் பல குளிசை விழுங்கியவர்களில் இந்த வாசல் பெருமளவு அடைபட்டு, நீரிழிவே இல்லாதவருக்கும் சீனி ஏறும். எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது நஞ்சு எவ்வளவு கடுமை என்பதற்கு ஓர் அடையாளம். அத்தகையவர்களுக்கு வைத்தியசாலையில் மிக உயர்ந்த அளவில் இன்சுலினைக் குளுக்கோசோடு சேர்த்து ஏற்றுவதன் காரணங்களில் இதுவும் ஒன்று. அந்த வேளையிலும் ஆளை உயிராபத்தில் தள்ளுவது இதயமும் குருதிக் குழாயும் தளர்வதுதான். சதையிச் சாறு பற்றி யாரும் கவலைப்படுவதில்லை.

இதை வாசிக்கும் வீடுகளுக்கு ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். சிறு குழந்தைக்கு இந்தக் குடும்பத்துக் குளிசை ஒன்றிரண்டே உயிருக்கு ஆபத்தாகலாம். அம்மம்மாவின் குளிசைப் பையைக் கட்டில் தலைமாட்டில் வைக்க வேண்டாம். குழந்தை விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் மட்டும் இருந்தாலும், சோர்வு தெரியும்வரை காத்திராமல் 1990 சுவசெரிய அம்புலன்சை அழைத்து வைத்தியசாலைக்குப் போங்கள். குளிசை அட்டையையும் கொண்டுபோங்கள். மெதுவாகக் கரையும் குளிசை என்றால் பல மணி நேரம் கழித்தும் நிலைமை மோசமாகலாம்.

இன்னொரு செய்தி. முதலாம் வகை நீரிழிவு புதிதாகக் கண்டறியப்பட்டவர்களில் வெரபமில் இன்சுலின் கலங்களைக் கொஞ்சக் காலம் காக்கிறதா என்று ஆராய்ந்திருக்கிறார்கள். 2018 இல் பெரியவர்களிலும் 2023 இல் 7 முதல் 17 வயது வரையான 88 பேரிலும் நடந்த சோதனைகளில், உடம்பு தானே சுரக்கும் இன்சுலின் வெரபமில் எடுத்தவர்களிடம் கூடுதலாக எஞ்சியிருந்தது. எதிர்பார்ப்புக்குரிய ஆய்வு, தானாக வாங்கிப் பிள்ளைக்குக் கொடுக்கும் மருந்தல்ல.

பிறகு ஏன் வயிறு சரியில்லை?

குளிசை தொடங்கியபின் வயிறு மாறியது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. குடலின் சுவரும் மழமழப்பான தசைதான். அதிலும் எல் வகை வாசல் உண்டு. வெரபமில் குடலின் அசைவை மந்தமாக்கி மலச்சிக்கலைத் தருவது இந்தக் குடும்பத்தில் மிகவும் தெரிந்த பக்கவிளைவு. நிபெடிபின் போன்றவை உணவுக்குழாயின் அடிவாயிலிலுள்ள சுருக்குத்தசையைத் தளர்த்துவதால் இரைப்பை அமிலம் மேலே வந்து நெஞ்செரிவு கூடலாம். பித்தப்பை சுருங்குவதும் சற்று மந்தப்படலாம். சதையிக் கானும் பித்தக் கானும் முன்சிறுகுடலில் திறக்கும் இடத்திலுள்ள "ஒடி" என்ற சுருக்குத்தசையை நிபெடிபின் தளர்த்தும். அதாவது சாறு வெளியேறும் வழி ஓரளவு இலகுவாகிறதே ஒழிய அடைபடுவதில்லை.

மலச்சிக்கலுக்கு முதலில் தண்ணீர், கீரை, பழம், நடை. இருதய அல்லது சிறுநீரக வருத்தத்துக்காகத் தண்ணீர் அளவைக் கட்டுப்படுத்தச் சொல்லியிருந்தால் அதை மீற வேண்டாம். இரண்டு கிழமையில் சரிவராவிட்டால் கிளினிக்கில் சொல்லுங்கள். அளவையோ குளிசையையோ மாற்ற வழி இருக்கிறது. நெஞ்செரிவுக்கு இராச் சாப்பாட்டைப் படுக்கைக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னே முடிப்பது உதவும். எதுவானாலும் பிறசர் குளிசையைத் தானாக நிறுத்துவது, ஏரிக் கட்டை உடைத்துவிட்டு வயலைப் பார்க்கப் போவது போல.

பாமசியில் அடிக்கடி எழும் இன்னொரு கேள்வி: "கல்சியம் அடைக்கிற குளிசை எடுக்கிற நான் நெத்தலி, முருங்கை இலை, தயிர் சாப்பிடலாமா? எலும்புக்குத் தந்த கல்சியக் குளிசையை எடுக்கலாமா?" சாப்பிடலாம். குருதியில் கல்சியம் ஒரு டெசிலீற்றருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராம் என்ற எல்லைக்குள் ஓமோன்களால் இறுக்கமாகக் காக்கப்படுகிறது. அம்லோடிபின் அந்த அளவைக் குறைப்பதில்லை, எலும்பிலிருந்து எடுப்பதுமில்லை. கலத்தின் ஒரு வாசலை மட்டும்தான் பார்த்துக்கொள்கிறது. வைத்தியர் சொன்ன அளவில் கல்சியக் குளிசையும் எடுக்கலாம்.

கல்சியம் மிஞ்சினால்

சதையிக்கு உண்மையான ஆபத்து மறுபக்கத்தில் இருக்கிறது. இயல்பாகக் குலைக்கலத்தில் கல்சியம் உச்சிப் பக்கத்தில் மட்டும், சொடுக்குச் சொடுக்காக ஏறி இறங்கும். அங்கே வளையமாக நிற்கும், கலத்துக்குச் சக்தி ஆக்கித்தரும் இழைமணிகள் அது கலம் முழுக்கப் பரவாமல் தடுக்கின்றன. மதுவும், கல் அடைத்துப் பின்னேறும் பித்தமும் இந்த ஒழுங்கைக் குலைக்கும்போது கல்சியம் கலம் முழுவதும் ஏறி, இறங்காமல் நிற்கிறது. அப்போது குடலில் போய்த்தான் விழிக்கவேண்டிய திரிப்சின் கலத்துக்குள்ளேயே விழித்துக்கொள்கிறது, இழைமணிகள் சக்தி இழக்கின்றன, பம்புகள் நிற்கின்றன. கலம் தன்னைத்தானே செமிக்கத் தொடங்குகிறது. இதுதான் கடுமையான சதையி அழற்சி. பித்தப்பைக் கல்லும் மதுவும் முதன்மைக் காரணங்கள். குருதியில் கொழுப்பின் ஒரு வகையான திரைகிளிசரைட்டு ஒரு டெசிலீற்றருக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் போவதும், விற்றமின் டி மிஞ்சியோ வேறு காரணத்தாலோ குருதிக் கல்சியம் மிகவும் கூடுவதும் இதைக் கொண்டுவரலாம்.

தாங்கி ஓயாமல் காலியாகும்போது ஓறாய் வாசலும் ஓயாமல் திறந்தே கிடக்கிறது; கலத்தை மூழ்கடிக்கும் கல்சியத்தில் பெரும்பகுதி அந்த வழியால்தான் வருகிறது. அதனால் ஓறாயை அடைக்கும் மருந்துகளை நாளத்தில் ஏற்றி, கடுமையான சதையி அழற்சி உள்ளவர்களில் சோதித்து வருகிறார்கள். அவையும் கல்சியம் கால்வாய் அடைப்பான்கள்தான், ஆனால் பிறசர் குளிசையோடு உறவில்லாதவை. "கல்சியத்தை அடைத்தால் சதையிக்கு நல்லதாம்" என்று யாராவது சொன்னால், எந்த வாசலை என்று திருப்பிக் கேளுங்கள்.

அம்லோடிபினின் மருந்துக் குறிப்பிலும் சதையி அழற்சி என்ற சொல் இருக்கிறது. மிக மிக அரிதான பக்கவிளைவுகளின் வரிசையில், அதாவது 10,000 பேரில் ஒருவருக்கும் குறைவு என்ற வகையில். குறிப்பை வாசித்துப் பயந்து குளிசையை விடுவதற்கு அது காரணமாகாது. ஆனால் மேல்வயிற்றில் திடீரென்று தொடங்கி, முதுகுக்கு ஊடுருவி, மணிக்கணக்கில் விடாத நோவும் வாந்தியும் இருந்தால், எந்தக் குளிசை எடுப்பவராக இருந்தாலும் அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். குருதியில் அமிலேசு அல்லது இலிப்பேசு இயல்பின் மேல் எல்லையைப் போல் மூன்று மடங்கு கூடியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். கல்சியமும் பார்ப்பார்கள்; சிதைந்த கொழுப்போடு அது சேர்ந்து சவர்க்காரம்போல் படிவதால் அழற்சியின்போது குருதிக் கல்சியம் இறங்கலாம். அந்த இறக்கமும் பிறசர் குளிசையால் வந்ததல்ல.

மெதுவாக வரும் வருத்தத்துக்கு வேறு அடையாளம்: வெளிறிய, எண்ணெய் மிதக்கிற, கடும் நாற்றமுள்ள, தண்ணீர் ஊற்றியும் எளிதில் போகாத மலம், அதோடு நிறை குறைதல். அப்படியிருந்தால் நொதியம் உண்மையாகவே போதவில்லை. நெடுநாள் சதையி அழற்சி, கானை அடைக்கும் கட்டி போன்ற காரணங்களைத் தேடவேண்டும். "பிறசர் குளிசையால்தான்" என்று தள்ளிவைத்தால் நாள்தான் வீணாகும். மலத்தில் எலாஸ்ரேசு என்ற நொதியம் ஒரு கிராமுக்கு 200 மைக்கிரோகிராமுக்குக் கீழே இருந்தால் சந்தேகம் வலுக்கும். உறுதியானால் நொதியக் குளிசைகள் கொடுக்கப்படும். அவற்றைச் சாப்பாட்டின் முதல் வாயோடும் நடுவிலும் எடுக்கவேண்டும். சாப்பிட்டு முடித்து ஒரு மணி நேரம் கழித்து எடுத்தால் சோறு முன்னே போய்விடும், நொதியம் பின்னால் தனியே போகும்.

குளிசை எடுக்கும் முறையிலும் கவனிக்க இரண்டு விடயம் உண்டு. இரைப்பைக் கிருமிக்குத் தரும் கிளரித்திரோமைசின் இந்தக் குடும்பத்து மருந்துகளை ஈரல் உடைப்பதைத் தடுக்கும். மருந்து குருதியில் சேர்ந்து பிறசர் அளவுக்கு மீறி இறங்கலாம். ஆகவே வயிற்றுக்கென்று தனியார் மருத்துவரிடம் போகும்போதும் கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள். அடுத்தது, மெதுவாகக் கரையும் நிபெடிபினை விழுங்கக் கஷ்டம் என்று இடித்தோ, பாதியாக உடைத்தோ, பாலில் கரைத்தோ கொடுக்கக் கூடாது. பன்னிரண்டு மணி நேரத்துக்கென்று கட்டிவைத்த மருந்து சில நிமிடங்களில் கரைந்து முதியவரை மயங்கி விழச் செய்யும். விழுங்க முடியாவிட்டால் அதைப் பாமசியில் சொல்லுங்கள். உடைத்துக் கொடுக்கக்கூடிய அம்லோடிபினுக்கு மாற்றலாமா என்று வைத்தியரிடம் கேட்டுச் சொல்வார்கள்.